தாத்தாவின் துப்பாக்கியும் பேரனின் ஈயக் குண்டும்

பயணி வண்டி ஓடும் தண்டவாளம் ஒரு முழம்கூட இல்லாத தீவில் இருந்துகொண்டு ரயில் சீட்டு எழுதிக் கொடுப்பது நம் உத்தியோகம். கப்பலிலோ விமானத்திலோ சென்னை போய்ச் சேர்ந்த பின் எந்த வண்டியில் ஏறுவது, கீழ்ப் படுக்கை கிடைக்குமா, தேங்காய் மூட்டைக்குத் தனிச் சீட்டு வேண்டுமா என்பன போன்ற கேள்விகளுக்கு நாள்தோறும் விடை கூறி வருகிறோம். சில மாதங்களுக்கு முன் ரங்கத்துப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் கேட்ட கேள்வி இவற்றில் சேராதது.

"சார், சென்னையிலிருந்து திருநெல்வேலி போகிற வண்டியில் ஒரு பழைய துப்பாக்கியை எடுத்துப் போகலாமா? கூடக் கொஞ்சம் மருந்தும் கேப்பும் இருக்கும்" என்றார்.

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டடி விலகி நின்றனர். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவு அபாயகரமான சரக்கை வண்டியில் கொண்டு செல்வதைத் தடுக்கிறது. மீறினால் 164ஆம் பிரிவின்படி மூன்றாண்டுச் சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வெடிமருந்தும் கேப்பும் பயணியின் பையில் ஏறவே கூடாது. இதைச் சொல்லிவிட்டு, துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டா என்று கேட்டோம். அவர் தலையைக் குனிந்தார். மாலையில் நம் வீட்டுக்கு வரும்படி சொல்லி அனுப்பினோம்.

வந்தார். துப்பாக்கியைக் கொண்டு வரவில்லை, அது நல்லதாயிற்று. ஆனால் ஒரு சிறிய தகரப் பெட்டியைக் கொண்டு வந்தார். அதற்குள் களிம்பேறிய பித்தளைத் தோட்டாக் கூடுகள் பதினொன்று, ஈயக் குண்டு வார்க்கும் இரும்பு அச்சு ஒன்று, மரக்கோல் ஒன்று, காய்ந்து சுருண்ட தக்கைகள் கொஞ்சம், நீட்டவும் குறைக்கவும் கூடிய பித்தளை அளவுக் கரண்டி ஒன்று. துப்பாக்கியின் படம் மட்டும் அவருடைய கைப்பேசியில் இருந்தது.

செய்தி இதுதான். அவருடைய தாத்தா ஒரு மரக் குத்தகைதாரரிடம் மேஸ்திரியாக இருந்தவர். கல்கத்தாவில் பழைய துப்பாக்கியாக வாங்கிய இதை முறையான லைசென்ஸுடன் வைத்திருந்தார். பன்றியும் மானும் வயலில் இறங்காமல் காத்தது இதுவே என்பது குடும்பத்தார் சொல். பெரியவர் காலமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. துப்பாக்கி பரணில் சாக்குக்குள் கிடக்கிறது. இப்போது பேரனுடைய தாயார் போட்டிருக்கும் காய்கறித் தோட்டத்தைப் புள்ளிமான்கள் இரவோடிரவாக மேய்ந்துவிட்டுப் போகின்றன. வெண்டையும் பயறும் இரு முறை விதைத்தும் ஒரு கூடை வீடு வந்து சேரவில்லை. வங்கியில் வாங்கிய கடனோ மானுக்குத் தெரியாது. எனவே பேரன் பரணைப் பார்த்தார்.

மானின் மேல் அவருக்கு இருந்த கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. புள்ளிமான் அந்தமானின் பூர்வகுடி அன்று. ஆங்கிலேயர் தம் காலத்தில் கொண்டு வந்து விட்டது. அதைத் தின்னும் புலியோ சிறுத்தையோ செந்நாயோ இத்தீவுகளில் கிடையா. கடலில் நீந்தித் தீவுக்குத் தீவு தாவும் வல்லமையும் அதற்கு உண்டு. பெருகிற்று, காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்த்தது, வயலுக்கும் வந்தது. 1950களின் தொடக்கத்தில் மானைக் குறைக்கவென்று இரண்டு சிறுத்தைகளை நடு அந்தமானில் விட்டுப் பார்த்தார்கள். இரண்டும் பெண்ணாய் அமைந்துவிட்டன! சர்க்கார் காரியத்தில் இப்படியும் நடப்பதுண்டு. சிறுத்தை வம்சம் அத்தோடு முடிந்தது. மான் வம்சம் இன்றும் தழைக்கிறது.

துப்பாக்கியைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் நம் அடுத்த வீட்டில், போலீசு ஆயுதக் கிடங்கில் நெடுங்காலம் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்து வந்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், "அடடா, இது ஜெர்மன் ஜோடிக் குழல்" என்றார்.

வாசகர்களில் பலர் இப்படிப்பட்ட துப்பாக்கியைக் கண்டிருக்க மாட்டீர்கள். சாதாரண இரட்டைக் குழல் துப்பாக்கியில் இரு குழல்களும் உள்ளே வழவழப்பாக இருக்கும், ரவை சுடுவதற்கானவை. ரைபிளின் குழலிலோ உட்புறம் மரை போலத் திருகு வரிகள் ஓடும். அவை குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்தும். காட்டில் எது எதிர்ப்படும் என்று முன்கூட்டித் தெரியாத வேட்டைக்காரர்கள் ஒரே கட்டையில் இரண்டையும் விரும்பினர். ஒரு குழல் ரவைக்கு, ஒரு குழல் குண்டுக்கு. ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளில் இவை மிகுதி. மூன்று குழல் வைத்ததும் உண்டு, அதற்கு டிரில்லிங் என்று பெயர். ஆங்கிலேயர் இதே தேவைக்கு வேறு வழி கண்டனர். இந்தியப் படையில் சேவை செய்த கர்னல் ஃபாஸ்பெரி என்பவர் 1885இல் ஓர் உரிமம் பதிந்தார். குழல் முழுவதும் வழவழப்பு. வாயருகே கடைசி இரண்டொரு அங்குலத்தில் மட்டும் மரை. அதில் ரவையும் சுடலாம், குண்டும் சுடலாம். ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் கம்பெனியார் அதைப் பாரடாக்ஸ் என்ற பெயரில் விற்றனர். நம் நாட்டுக் காடுகளில் அதற்குப் பெரும் மதிப்பு இருந்தது.

நம் இளைஞருடைய தாத்தாவின் துப்பாக்கி ஜெர்மன் வகை. அதன் குழலடியில் வட்டத்துக்குள் 16 என்ற எண் தெரிந்தது. வழவழப்பான குழல் 16 போர் என்பதற்கு அது அடையாளம். போர் என்ற கணக்கு வேடிக்கையானது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டை ஆக்கினால், அதில் ஓர் உருண்டை நுழையும் குழல் 12 போர். பதினாறு உருண்டை ஆக்கினால் 16 போர். ஆகவே எண் பெரிதாக ஆகக் குழல் சிறிதாகும். 12 போர்க் குண்டு ஏறக்குறைய 38 கிராம் எடையும் 18.5 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. 16 போர்க் குண்டு 28 கிராம், 16.8 மில்லிமீட்டர்.

தொல்லை இங்கேதான் தொடங்கிற்று. நம் நாட்டில் 12 போர்த் தோட்டா கிடைக்கும்; புனே அருகே கடக்கியில் உள்ள ஆயுத மருந்துத் தொழிற்சாலை சக்திமான் என்ற பெயரில் செய்து வருவது அதுவே. 16 போருக்கு அலைய வேண்டும். மரை போட்ட குழலுக்கான தோட்டாவோ இக்காலத்தில் எட்டாக் கனி. ஆகவே இளைஞர் ஒரு திட்டம் போட்டார். நண்பர் ஒருவர் மூலம் 12 போர்த் தோட்டா சிலவற்றைப் பெற்று, அவற்றைக் கிழித்து மருந்தை எடுத்து, தாத்தாவின் பித்தளைக் கூட்டில் தாத்தாவின் கரண்டியால் அளந்து போடுவது. வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை உருக்கி, நீண்ட குண்டாக வார்ப்பது. தாத்தாவின் அச்சு உருண்டைக் குண்டுக்கானது. கைப்பேசியில் அயல்நாட்டார் வார்க்கும் நீள் குண்டுகளைப் பார்த்து அவருக்கு அதில் ஆசை. அந்த அச்சைத் திருநெல்வேலிப் பக்கம் உறவினர் வைத்திருக்கும் லேத்துப் பட்டறையில் கடைந்து கொள்ளவே பயணம்.

"என்ன அளவுக்குக் கடையச் சொன்னாய், தம்பி?" என்று பெரியவர் கேட்டார்.

"16.8 மில்லிமீட்டர், ஐயா. 16 போருக்கு அதுதானே கணக்கு?"

"குழல் வாயை அளந்து பார்த்தாயா?"

"இல்லை, ஐயா. கணக்குத்தான் தெரியுமே என்று..."

பெரியவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நம் மேசையில் இருந்த புனலை எடுத்து அவர் கையில் கொடுத்து, அகன்ற பக்கத்தில் ஒரு கோலிக்குண்டைப் போடச் சொன்னார். அது குறுகிய பக்கத்தில் போய் நின்றது.

"குழலும் இப்படித்தான்" என்றார்.

ரவை சுடும் குழலின் வாய் சற்றே ஒடுங்கியிருக்கும். இதற்குச் சோக் என்று பெயர். ரவை வெளியேறும்போது சிதறாமல் திரண்டு செல்ல இந்த ஒடுக்கம் உதவுகிறது. 1866இல் இங்கிலாந்தில் பேப் என்பவர் இதற்கு உரிமம் பதிந்தார், 1870களில் கிரீனர் பரப்பினார். முழு ஒடுக்கம் என்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ரவை நெருக்கிக்கொண்டு போய்விடும். அடிக்குழலின் அளவுக்கே வார்த்த கெட்டி ஈயக் கட்டி அந்த ஒரு மில்லிமீட்டரில் எங்கே போகும்? பின்னாலிருந்து வாயு தள்ளுகிறது. முன்னால் குழல் வாய் இறுக்குகிறது. குழல் உப்பலாம், பிளக்கலாம். பிளக்கும் இடத்தில் சுடுபவரின் இடக்கை இருக்கும். தாத்தாவின் உருண்டை அச்சைப் பெரியவர் அளந்து காட்டினார். அது குழல் கணக்கைவிட வெகுவாகச் சிறியது. ஒடுங்கிய வாயில் உரசாமல் வெளியேற வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே சிறிதாகச் செய்தது. மேஸ்திரி தாத்தா சோக்கைப் பற்றி ஏட்டில் படித்திருக்க மாட்டார். ஆனால் விற்றவன் சரியான அச்சைக் கொடுத்திருக்கிறான், அவரும் அதை மாற்றவில்லை.

"அப்படியானால் அயல்நாட்டார் மட்டும் எப்படிச் சுடுகிறார்கள்?" என்று இளைஞர் விடாமல் கேட்டார். கேட்டது நன்று. 1898இல் ஜெர்மனியைச் சேர்ந்த வில்லெல்ம் பிரென்னகே அமைத்த குண்டில், புறத்தே மெல்லிய ஈய விளிம்புகள் சாய்வாக ஓடும். நடுத்தண்டு சிறியது. ஒடுக்கத்தில் நுழையும்போது விளிம்புகள் நசுங்கி வழி விடும். கட்டி நசுங்க வேண்டியதில்லை. பலரும் நினைப்பதுபோல் அந்த விளிம்புகள் குண்டைச் சுழற்றுவதற்கு முக்கியமானவை அல்ல. குண்டு நேராகப் போவதற்குக் காரணம் வேறு. அதன் அடியில் திருகிப் பிணைத்த தக்கை எடையற்று இருப்பதால், கனம் எல்லாம் முன்பக்கம் சேருகிறது. இறகுப்பந்து எப்படி அடித்தாலும் தலைப்பக்கமே முன் செல்வதுபோல இதுவும் செல்கிறது. 1931இல் அமெரிக்கர் கார்ல் ஃபாஸ்டர் செய்த குண்டு பின்பக்கம் கிண்ணம்போல் குடைந்திருப்பதும் இதே காரணத்தால். லேத்துப் பட்டறை உறவினர் நல்ல தொழிலாளியாக இருக்கலாம். ஆனால் விளிம்பின் மென்மையும் ஈயத்தின் பதமும் தக்கையின் பிணைப்பும் சேர்ந்து ஒரு கணக்கு. அதில் ஒன்றை மட்டும் படத்தில் பார்த்துக் கடைவது கண்ணை மூடிக்கொண்டு கடைவதே.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பெண்மணிகள் ரசத்துக்கு வைத்திருக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது; குண்டும் வலை எடையும் காரீயம். பெயர் ஒன்றாய் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று எண்ணும் பிள்ளைகள் உண்டு. காரீயம் 327 பாகையில் உருகும். அதன் தூளும் ஆவியும் உடம்பில் சேரும் நஞ்சு, குழந்தைகளுக்கு மூளையைப் பாதிக்கும். சமையல் அடுப்பில், சமையல் வாணலியில் அதை உருக்குவது குற்றம் என்றே சொல்லுவோம். அன்றியும் உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் அது கணத்தில் நீராவியாகி ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். ஆண்டில் பாதிக்கு மேல் கூரை சொட்டும் நம் தீவில் இதை எண்ணிப் பாருங்கள். கடலிலிருந்து எடுத்த வலை ஈயத்தின் இடுக்கில் ஈரம் இருப்பதற்குக் கேட்கவா வேண்டும்? இளைஞர் முதல் முறை உருக்கியபோதே "படபட" என்று தெறித்ததாம். இடது புருவத்தருகே ஒரு வடு இருந்தது. அதுவரை அதை அவர் சொல்லவில்லை.

எனினும் பெரியவரை உண்மையாகவே அச்சுறுத்தியது அச்சும் ஈயமும் அல்ல. அந்தப் பித்தளைக் கரண்டிதான்.

அதன் பிடியில் டிராம் என்ற அளவுக் கோடுகள் பொறித்திருந்தன. இது கருமருந்துக் காலத்துக் கணக்கு. கருமருந்து எரிவது மெதுவாக; புகையும் கரியும் மிகுதி, வாயு குறைவு. ஆகவே அதை எடை பார்க்காமல் கரண்டியால் முகந்து போடுவதே வழக்கம்; கொஞ்சம் கூடினாலும் தோள் வலிக்கும், அவ்வளவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையில்லா மருந்து வந்தது. முதலில் வந்த ஷுல்ட்ஸ், ஈ.சி. போன்ற மருந்துகளைப் பழைய கரண்டியாலேயே அளக்கும்படி வேண்டுமென்றே பருமனாகச் செய்தனர். மக்களின் பழக்கத்தை மாற்ற இயலாது என்று அறிந்தவர்கள் அவர்கள். பின்னர் வந்த அடர்ந்த மருந்துகளோ அவ்வாறு அல்ல. சிறிதளவே போதும், எடை பார்த்தே இட வேண்டும். கருமருந்துக் கரண்டி நிறைய அந்த மருந்தை முகந்தால், வேண்டியதைப் போல் பன்மடங்கு ஆகிவிடும்.

"இந்தக் கரண்டிக்குத் தாத்தா காலத்து மருந்து தெரியும், தம்பி. நீ தோட்டாவைக் கிழித்து எடுக்கப் போகிற மருந்து இதற்குத் தெரியாது" என்றார் பெரியவர்.

"தாத்தா இதே கரண்டியால் நாற்பது வருஷம் போட்டாரே, ஐயா?"

"அதனால்தான் சொல்கிறேன். அவர் தப்பித்ததே உன்னைக் கெடுக்கும்."

இதற்கு மேல் குழலின் வயது ஒன்று இருக்கிறது. பழைய குழல்கள் பலவும் இரும்பும் எஃகுமாகிய பட்டைகளைச் சேர்த்து முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்தவை. டமாஸ்கஸ் குழல் என்பர். மேலே பட்டுப் புடவைக் கரைபோல் நெளிவுகள் தெரியும். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் சுற்றின் இணைப்புகளுக்குள் துரு புகுந்தால் வெளியே தெரியாது. எந்தக் குழலுக்கு எந்த மருந்து பொருந்தும் என்று சோதித்து முத்திரை இடும் சாலைகள் ஐரோப்பாவில் உண்டு. லண்டனில் 1637இலிருந்தே இம்முறை இருந்து வருகிறது, பர்மிங்காமில் 1813இலிருந்து. பிற்காலத்து ஆங்கிலக் குழல்களில் நைட்ரோ புரூஃப் என்றே பொறித்திருக்கும். அம்முத்திரை இல்லாத குழலில் புதிய மருந்து போடலாகாது. நம் இளைஞரின் படத்தில் அப்படி ஒரு முத்திரையும் தென்படவில்லை.

தோட்டாவின் நீளம் இன்னொன்று. பழைய ஜெர்மன் 16 போர்த் துப்பாக்கிகளின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். இக்காலத் தோட்டா 70. தேடிப் பிடித்துப் புதிய 16 போர்த் தோட்டாவே வாங்கி வந்தாலும் ஆபத்து தீராது. வாய் மடித்த தோட்டா குட்டையாக இருப்பதால் அறைக்குள் சுகமாக நுழைந்துவிடும். சுட்டவுடன் மடிப்பு விரிந்து, அறைக்கு அப்பாலுள்ள குறுகலில் போய் அடைக்கும். "நுழைகிறதே, ஆகவே பொருந்துகிறது" என்று எண்ணுபவர் ஏமாறுவது இங்கே. ஜோடிக் குழலுக்கே உரிய கஷ்டமும் உண்டு. அதன் இரு குழல்களும் ஒரே இடத்தில் அடிக்கும்படி, குறிப்பிட்ட ஒரு தோட்டாவை வைத்துச் சுட்டுச் சுட்டுப் பார்த்து இணைத்திருப்பார்கள். குண்டையோ மருந்தையோ மாற்றினால் ஒன்று கிழக்கே அடிக்கும், மற்றொன்று மேற்கே அடிக்கும். இரவில், வீடுகளுக்கு நடுவே, டார்ச்சு வெளிச்சத்தில், எங்கே போகும் என்று தெரியாத இருபத்தெட்டு கிராம் ஈயம்! மானுக்கு அப்பால் யார் வீட்டுச் சுவர் இருக்கிறது என்று மானா சொல்லும்?

பதினான்கு ஆண்டு பரண் வாசத்தில் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் வியப்பில்லை. நம் தீவில் சாவித் துவாரத்தைக்கூடக் குளவி விடுவதில்லை. வழியில் அடைப்பு இருந்தால், சரியான தோட்டாவே குழலைப் பிளந்துவிடும்.

இவ்வளவும் கேட்ட பிறகு இளைஞரின் முகம் வாடிற்று. ஆனால் நாம் அவரிடம் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. அது அவருடைய குடும்பத்துக்கு வெடி விபத்தினும் அண்மையில் இருந்த ஆபத்து.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, லைசென்ஸ் இன்றித் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கலாகாது என்கிறது. 5ஆம் பிரிவு, லைசென்ஸ் இன்றித் தோட்டா செய்யலாகாது என்கிறது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பின், 5ஆம் பிரிவை மீறுவோருக்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறை. ஆயுள் வரை போகலாம். அடுக்களையில் ஈயம் காய்ச்சி, கூட்டில் மருந்து நிரப்புகிற பிள்ளைக்குத் தான் செய்வது என்ன குற்றம் என்று தெரிவதில்லை. தோட்டத்தைக் காக்கிறோம் என்று எண்ணுகிறான். மானைச் சுடுவதோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனிக் குற்றம். நிக்கோபார்ப் பழங்குடியினருக்கு 1967ஆம் ஆண்டு அறிவிக்கையால் கிடைத்த வேட்டை உரிமையை அச்சட்டம் காக்கிறது. குடியேறி வந்த நமக்கு அது இல்லை. பயிருக்குக் கேடு செய்யும் விலங்கைக் குறித்து வனத்துறை அதிகாரிக்கு மனுச் செய்ய 11ஆம் பிரிவு இடம் தருகிறது. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் பொறுப்பு.

லைசென்ஸ்தாரர் காலமானதும் அந்தத் துப்பாக்கி தானாகவே மகனுக்கோ பேரனுக்கோ உரியது ஆகிவிடாது. இதை நம் குடும்பங்கள் பல அறியவில்லை. நிலம், நகை, தையல் இயந்திரம் போல இதையும் சொத்து என்று எண்ணிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வது யாதெனில், வைத்திருக்கும் உரிமை நீங்கிய துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து வைக்க வேண்டும். ஒப்படைத்த பின், வாரிசு தம் பெயரில் லைசென்ஸ் கேட்டு மனுச் செய்யலாம். நம் தீவுகளில் மாவட்டத் துணை ஆணையர் அலுவலகத்தில் இதற்கு வழி உண்டு. சுடவே இயலாதபடி பழுதாகி, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அது அப்படிப்பட்டதுதானா என்று முடிவு கட்டுவது நாமல்ல.

"பதினான்கு வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது போனால் பிடித்து உள்ளே போட்டுவிட மாட்டார்களா, அண்ணா?" என்று இளைஞர் கேட்டார். சாரில் தொடங்கியவர் அதற்குள் அண்ணா என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்.

நாம் பொய்யான தைரியம் கூறவில்லை. லைசென்ஸ் இன்றி வைத்திருந்ததற்கும் சட்டத்தில் தண்டனை உண்டு. என்ன நடக்கும் என்று ஒருவரும் உறுதி சொல்ல இயலாது. ஆனால் தானாகவே போய் எழுதிக் கொடுப்பவருக்கும், தோட்டத்தில் வெடிச் சத்தம் கேட்டுப் பிடிபடுபவருக்கும் உள்ள தூரம் பெரிது. தாத்தாவின் இறப்புச் சான்று, பழைய லைசென்ஸ் புத்தகம், வாரிசு விவரம் ஆகியவற்றைச் சேகரித்துக்கொண்டு, முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னோம். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறாதே, அதை அங்கேயே விட்டுவிட்டு மனுவோடு நிலையத்துக்குப் போ, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படை என்று பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். குழலைத் திறந்து பார்க்கும் ஆசையையும் விடச் சொன்னார். பழைய தோட்டா உள்ளேயே இருந்து உயிரை வாங்கிய கதைகள் அவர் கிடங்கு வாழ்க்கையில் உண்டாம்.

அந்த இரவு இளைஞர் நம் வீட்டிலேயே தங்கினார். சாப்பிடும்போது மெல்லச் சொன்னார்: தாத்தாவுக்கென்று வீட்டில் மிஞ்சியிருப்பது அந்தத் துப்பாக்கியும் ஒரு புகைப்படமும்தான். சுட வேண்டும் என்பதைக் காட்டிலும், அதைத் தாத்தா பிடித்ததுபோல் ஒரு முறை பிடிக்க வேண்டும் என்பதே தம் ஆசை என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. பெரியவரும் அன்று வழக்கத்துக்கு மாறாக வாய் திறவாமல் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து நம் சாளரத்துக்கு மீண்டும் வந்தார், உறவினர் திருமணத்துக்குத் திருநெல்வேலி போகச் சீட்டு எடுக்க. துப்பாக்கி காவல் நிலையத்தில் இருக்கிறது; இரண்டு நாள் விசாரணைக்கு நிற்க வைத்தார்களாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒப்படைத்ததற்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாத்தாவின் புகைப்படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார். வாரிசு மனு அலுவலகத்தில் நிற்கிறது. அதன் சோக் முழு ஒடுக்கம் என்று தோன்றுகிறது என்று நாம் சொன்னதும் சிரித்தார்.

வலை ஈயத்தை மீண்டும் வலையிலேயே கட்டிவிட்டார். கிழிந்த வலைகளைக் கரையிலிருந்து வாங்கி வந்து, தலை உயரத்துக்கு மேல் கம்பு நட்டு, தோட்டத்தைச் சுற்றி இரட்டை வேலியாகக் கட்டியிருக்கிறாராம். மான்கள் இரவில் வந்து வெளியே நின்று பார்க்கின்றனவாம். இம்முறை அம்மா பயறு பறித்துவிட்டார். நமக்கும் ஒரு பை கொண்டு வந்திருந்தார்; பெரியவர் பங்கு தனி முடிச்சு. கரண்டியை மட்டும் பெரியவர் திருப்பிக் கொடுக்கவில்லை. மிளகாய் விதை அளக்க அம்மா கேட்கிறார்கள் என்று இளைஞர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வேறு கரண்டி வாங்கிக்கொள்ளச் சொல்லி, ஐம்பது ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டார்.